ஓரம் கருகுதல்

முதலில் நுனி.
பிறகு நுனியிலிருந்து இரண்டு பக்க ஓரமும்,
நெருப்புப் பிடித்த கடதாசி உள்நோக்கிச் சுருள்வதுபோல.
நடு நரம்பு மட்டும் பச்சை.
பெயின்ற் வாளியில் நிற்கிற தேசிக்குத்தான் முதல் வந்தது,
நீலப் பரலில் நிற்கிற தோடைக்குப்
பத்து நாள் கழித்து.

புளியங்குளத்துக்கு வடக்கே கம்பமில்லாத கடவை.
தடியில் கட்டின சிவப்புத் துணியும் நானும்தான்
இங்கே கம்பம்.
இரு பக்கமும் ரயில்வே ஒதுக்கு நிலம்.
மண்ணில் எதுவும் நடக்கூடாதென்று
எழுத்தில் தந்திருக்கிறார்கள்.
வாளியைப் பற்றி எழுதவில்லை.

விவசாயப் போதனாசிரியர்
மோட்டார்சைக்கிளை நிற்பாட்டாமல்
ஒரு காலை ஊன்றிப் பார்த்தார்.
"பூஞ்சணம்."
பூஞ்சணமென்றால் புள்ளி புள்ளியாய் வரும், சுற்றி மஞ்சள் வளையமிருக்கும்,
இது ஓரமாயெல்லோ வருகுது, சேர்,
என்று நான் சொன்னது புகைக்குத்தான்.

உரக்கடை நிமலேந்திரன் இலையைப் பார்க்கவேயில்லை.
காசைப் பார்த்தான், பொட்டலம் கட்டினான்.
போட்டேன்.
எட்டாம் நாள் நரம்பும் கபிலமானது.

காலை ரயிலுக்கும் சரக்குக்கும் இடையே
இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடம்.
அதற்குள் எண்ணினேன்.
கச்சான் காற்றென்றால் மேற்குப் பக்கம்தானே கூடக் கருகவேணும்?
மேற்கில் முப்பத்தொன்று, கிழக்கில் இருபத்தொன்பது.
காற்றில்லை.
விரலை இரண்டாம் கணுவரை மண்ணுக்குள் விட்டேன்: ஈரம்.
தாகமுமில்லை.
வாளியைச் சரித்து அடியை மணந்தேன்.
அழுகின வேருக்கு ஒரு மணமுண்டு,
செத்த எலிக்கும் சேற்றுக்கும் நடுவில்.
அது இல்லை.

மாதுளைக்கு ஒன்றுமே இல்லை.
அதைத்தான் இவ்வளவு நாளும் பார்க்காமல் விட்டிருந்தேன்,
வருத்தமில்லாததைப் பார்க்க ஆருக்கு நேரம்?
மூன்றுக்கும் ஒரே கலன், ஒரே தண்ணீர், ஒரே கை.
மாதுளை தாங்கும் சாதி.
தாங்குது என்பதால்
அதற்கு நல்லதை ஊற்றினோம் என்றில்லை.

அப்போதுதான் வாளி விளிம்பில் அந்த வெள்ளைக் கோடு.
நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன்.
வீட்டுக் கேத்தலின் அடியில்
வருசக்கணக்காய் நான் தேய்த்துத் தோற்ற அதே வெள்ளை.
குழாய்க்கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் போகிறது,
வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது,
கல்லை விட்டுவிடுகிறது.
வேர் அதையும் குடித்து,
போக இடமில்லாமல்
இலையின் விளிம்பில் கொண்டுபோய் வைக்கிறது.

வவுனியா கிளினிக்கில் என் மனிசனின்
கணுக்காலை அமத்திப் பார்த்தார் டொக்டர்.
விரல் எடுத்த பிறகும் குழி நின்றது.
"எந்தத் தண்ணி குடிக்கிறனீங்கள்?"
அதுதான் காரணமென்று அவரும் சொல்லவில்லை.
ஆனால் அதைத்தான் முதலில் கேட்டார்.
நான் தேசியிடம் கடைசியாய்க் கேட்டேன்.

கம்பியைப் பழுக்கக் காய்ச்சி
வாளிக்கு ஆறு துளை, பரலுக்கு ஒன்பது.
இனி மழை வந்து கழுவவேணும்.
மழைக்கு இன்னும் ஆறு கிழமை.

சந்தியில் காசு போட்டு எடுக்கிற வடிகட்டின தண்ணீர்
அவருக்கு மட்டும், அதுவும் அளந்து,
ஒரு நாளைக்கு ஒரு லீற்றர்.
பின்னேரம் என்னோடு கடவையில் வந்து குந்தியிருப்பார்,
போத்தல் மடியில்.

இன்றைக்கு யாழ்தேவி பிந்தி வந்தது.
சிவப்புத் துணியை விரித்துக்கொண்டு
தண்டவாளத்தைப் பார்த்து நின்றேன்.
கடைசிப் பெட்டி போய்த் திரும்பினால்
தேசி வாளி மண்ணில்
கோப்பையளவு புது ஈரம்.
போத்தலில் அரைவாசி.
"குடிச்சிட்டியளோ?"
"ஓம்."

இலையைத் தூக்கிப் பார்க்கிறேன், அவரைப் பார்க்காமல்.
கருகினது கருகினதுதான், திரும்பப் பச்சையாகாது.
கீழ்க் கொப்பில் ஒரு தளிர்,
உளுந்தளவு,
ஓரம் எதுவென்று இன்னும் தெரியாத அளவு.